சம்பந்தியம்மாவுக்கு ஒரே ஒரு பார்வையாளர்

கண்ணாடிக் கடையின் பின்னறையிலிருந்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் மருமகளின் தகப்பன், கண்ணாடிக் கடைக்காரன் எழுதிக்கொள்வது.

இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல் என்றுதான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை முதல் பாதியை எழுதப் பேனா ஓடவில்லை. ஆகவே இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: தங்கள் நலமறிய ஆவல். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, கண்ணை மூடினால் தூக்கம் வருகிறதா, ஆறுதலாக நாலு வார்த்தை பேச அந்தக் கப்பலில் யாராவது இருக்கிறார்களா என்றெல்லாம் என் மனைவி கேட்கச் சொல்கிறாள். நானும் கேட்கிறேன்.

அன்று மாப்பிள்ளை கப்பலுக்குப் பேசியபோது "அம்மா" என்ற ஒரு சொல்லும் அதன் பிறகு வெறும் இரைச்சலும்தான் தங்களுக்குக் கேட்டதாம். அந்த ஒரு சொல்லிலேயே புரிந்துகொண்டு, "சரிப்பா, நீ பார்த்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்களாம். காய்ச்சலுக்குப் பயந்து எந்தத் துறைமுகமும் உங்கள் கப்பலை உள்ளே விடாதபோது, இன்ஜின் அறையில் நின்றுகொண்டு ஒரு மனுஷன் வேறு என்னதான் சொல்ல முடியும். கம்பெனி ஆபீசில் விசாரித்தேன். கப்பலுக்குச் சாமான் கொண்டுபோகும் படகில் கொடுத்தால் கடிதம் கைக்கு வந்து சேரும் என்றார்கள். கடிதம் நீளும். அதற்கு நான் பொறுப்பில்லை, சம்பந்தியம்மாவின் உத்தரவு. அந்த உத்தரவைப் பற்றி அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது தாங்கள் அறிந்ததே. காரணமும் அறிவீர்கள், ஆனால் அவர் சொன்ன விதத்தில்தான் அறிந்திருப்பீர்கள். கல்யாணம் முடிந்த கையோடு, என் கடைக்கு நேர் எதிரே இருக்கிற கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, நான் என் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனார். ஏன் அத்தை இப்படி என்று என் மகள் கேட்டதற்கு, "சொந்தக்காரங்ககிட்ட வாங்கினா பவர் தப்பா இருந்தாலும் வாயைத் திறக்க முடியாதும்மா" என்றாராம். வாழ்நாள் முழுக்கப் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தியவர், தப்பைக் கண்டும் வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. என் தொழிலையே சந்தியில் நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து எங்கள் பேச்சு முழுக்க என் மகள் மூலமாகத்தான். அவளும் பாவம், இந்தப் பக்கத்துச் சூட்டை ஆற்றி அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்துச் சூட்டை ஆற்றி இந்தப் பக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிரசவம் நெருங்கும் நேரத்தில் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். உதவிக்கென்று சம்பந்தியம்மா ரயிலேறி மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த மறுநாளே காய்ச்சல். நெரிசலான ரயிலில் ஒட்டிக்கொண்டது என்று நான் சொன்னது அவருக்குப் போயிற்று. கண்டவர்களும் வந்து முகத்தை நீட்டுகிற கண்ணாடிக் கடையிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்தது என்று அவர் சொன்னது எனக்கு வந்தது. எங்கிருந்து வந்தால் என்ன, வந்தது வந்துவிட்டது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மாப்பிள்ளை அவரை அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் நடுவில் ஒரு முற்றம் இருக்கிறது. ஒரு பக்கக் கட்டடம் காய்ச்சல் பிரிவு, எதிர்ப் பக்கம் மகப்பேறு பிரிவு. நடுவில் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு ஒரே பார்வையாளர், ஆளை மாற்றக் கூடாது. காய்ச்சல் பிரிவுக்குள் போனவர் மகப்பேறு பிரிவுக்குள் கால் வைக்கக் கூடாது. மாப்பிள்ளை அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு கையில் தாயாரின் ஃபிளாஸ்க், மறு கையில் குழந்தைத் துணி வைத்த பையுமாக நின்றார். நான் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு மகளைப் பார்க்க வந்தவன், அவரை அந்தக் கோலத்தில் பார்த்தேன். அவருடைய இரண்டு கால்களும் இரண்டு பக்கம் போகப் பார்த்தன. சக்கர நாற்காலியில் இருந்த சம்பந்தியம்மாதான் பேசினார். "டேய், அவகிட்ட போ. அவதான் பயந்துக்கிட்டு இருப்பா. எனக்கு யாராவது வருவாங்க."

யாராவது என்றால் யார் என்று நான் சுற்றிப் பார்த்தேன். என் மனைவிக்கு மூச்சிழுப்பு உண்டு, அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரக் கூடாது. அந்த முற்றத்தில் யாராவது என்று சொல்லத் தக்க நிலையில் நான் ஒருவன்தான் இருந்தேன். அந்தச் சொல் என்னைக் குத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டேன். வாங்கிக் கையில் பிடித்த பிறகுதான், இனி நான் என் மகளைப் போய்ப் பார்க்க முடியாது என்பது உறைத்தது. அதற்குள் மாப்பிள்ளை பாதி முற்றம் தாண்டிவிட்டார்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள். சம்பந்தி என்றேன்.

"அப்படி ஒண்ணு இதுல இல்லைங்களே. கணவர், பிள்ளை, பெத்தவங்க, கூடப்பிறந்தவங்க. இதுல எது?"

"இதுல எதுவும் இல்லைம்மா."

"அப்ப உள்ள விட முடியாதுங்க."

நான் யோசித்தேன். முதலாவது, தங்கள்மேல் எனக்குள்ள மரியாதையால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் என் முகம் இடம் கொடுக்காது. கூடப்பிறந்தவன் என்றேன். உறவு: சகோதரர் என்று அச்சடித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். தங்கள் அனுமதி இல்லாமல் தங்களுக்கு மைத்துனன் ஆனதற்கு மன்னிக்க வேண்டும்.

அதற்கப்புறம் அங்கியைக் கொடுத்தார்கள். முன்பக்கத்தைப் பின்பக்கமாகப் போட்டேன். கழற்றி மறுபடி போடச் சொன்னார்கள். கையைக் கழுவச் சொன்னார்கள். கழுவிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தேன் என்று மறுபடி கழுவச் சொன்னார்கள். நகக்கண்ணெல்லாம் வெளுத்துப் போகிற வரைக்கும் கழுவிவிட்டு உள்ளே போனேன். போனதும் உலகமே மறைந்துவிட்டது. முகக்கவசத்தை மூக்கின்மேல் இறுக்கிப் போடாவிட்டால் விடுகிற மூச்சு மேலேறிக் கண்ணாடியில் படியும் என்று கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தவன் நான். என் கண்ணாடியிலேயே படிந்த அந்த வெள்ளை மூட்டத்தோடு கட்டிலைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு கை தூரத்துக்கு அப்பால் நின்று, வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "சம்பந்தியம்மா, நமக்குள்ள ஆயிரம் இருக்கலாம். எதிர்க்கடையில கண்ணாடி வாங்கினதை நான் மனசுலயே வெச்சுக்கலை. அது தப்புதான், இருந்தாலும் வெச்சுக்கலை. நீங்க நல்லபடியா எழுந்து வரணும்."

கட்டிலிலிருந்து பதில் வந்தது. "நல்லா பேசறீங்க ஐயா. ஆனா நான் கண்ணாடியே போட்டதில்லையே."

அது காய்கறி வியாபாரம் செய்கிற ஓர் அம்மாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து தெரிந்த குரல் கேட்டது. "சம்பந்தி, நான் இங்க இருக்கேன். அங்க சொன்னதெல்லாம் கேட்டுடுச்சு. திரும்பச் சொல்ல வேண்டாம்."

என் கழுத்திலிருந்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவருடைய கண்ணாடி, அந்த எதிர்க்கடைக் கண்ணாடி, ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றும்போது எங்கேயோ தொலைந்துபோயிருந்தது. நான் படித்துச் சொன்னேன்.

"சகோதரர்னா அண்ணனா, தம்பியா?"

"அதைப் போடலைங்க."

"நான் உங்களைவிட மூத்தவ. தம்பின்னே வெச்சுக்கலாம்."

அன்று முதல் அந்தப் பிரிவில் நான் தம்பி. நர்ஸ்கள்கூட, "அம்மா, உங்க தம்பி வந்தாச்சு" என்று சொல்வார்கள். முதல் நாள் அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் நாள் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்திருந்தார்கள், நோயாளிகளும் பார்வையாளர்களும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று. சும்மா நிற்பதற்கு அதையாவது படியுங்கள் என்றார் சம்பந்தியம்மா. படித்தேன். 'பார்வையாளர்கள் நோயாளிகளைக் கைகழுவிய பிறகே வெளியேற வேண்டும்' என்று ஒரு வரி. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அடுத்த வரிக்குப் போனேன். "நில்லுங்க" என்றார். மூச்சுக்கு மூக்கில் குழாய் வைத்திருந்தது, அதோடு தலையைத் தூக்கிவிட்டார். "நோயாளியைக் கைகழுவிட்டுப் போகச் சொல்றாங்களா? பார்த்து-ன்னு ஒரு சொல் விட்டுப்போச்சு. 'நோயாளிகளைப் பார்த்து, கைகழுவிய பிறகு.' பேனா இருக்கா?" பேனா எடுத்தேன். இன்னும் நாலு வரி தள்ளி, 'இருமல், சளி உள்ளவர்கள் உள்ளே வரவேண்டும்' என்று போட்டிருந்தது. வேண்டாம் என்பது வேண்டும் ஆகிவிட்டது. வாசலில் காவல்காரரோடு ஒருத்தர் இருமிக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டிருந்ததை நான் வரும்போது பார்த்திருந்தேன், வரச் சொல்லி எழுதிட்டு ஏன்யா விரட்டறே என்று. அதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்தாள்.

"அம்மா, பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"பேசலைம்மா, திருத்தறேன்."

"இதை எழுதின ஆபீஸரும் காய்ச்சல்ல மேல் மாடியிலதான் படுத்திருக்காரும்மா. மோசமா இருக்காரு."

சம்பந்தியம்மா தூக்கிய தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப அந்தத் தாளை மடிச்சு வெச்சிருங்க. அவர் எழுந்து வந்தப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

கண்ணாடி இல்லாமல் அவர் படும் பாட்டை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு தொழில்காரனாகச் சொல்கிறேன். தண்ணீர்க் குவளையை எடுக்கப் போய் மாத்திரைக் கிண்ணத்தைத் தட்டிவிடுவார். பத்திரிகையை விரித்து, மூக்கில் ஒட்டிக்கொண்டு, மடித்து வைத்துவிடுவார். கடையிலிருந்து பரிசோதனைக் கண்ணாடிகளை எடுத்துவரட்டுமா என்று நர்ஸிடம் கேட்டேன். உள்ளே வருகிற பொருள் எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைத்த பிறகே கொண்டுவர வேண்டும் என்றாள். துடைத்துக் கொண்டுபோனேன். அவர் முகத்தை நான் தொடக் கூடாது. ஆகவே நர்ஸ் ஒவ்வொரு வில்லையாக அவர் கண்முன் பிடித்தாள். நான் தள்ளி நின்று எது எது என்று சொன்னேன். படிக்க அட்டை ஏது, அந்தத் துண்டுப் பிரசுரம்தான். மேலே பெரிய எழுத்தில் தொடங்கிக் கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும், எனக்கென்றே அச்சடித்த மாதிரி. எல்லாரிடமும் நான் எழுத்து எதில் தெளிவாக இருக்கிறது என்று கேட்பேன், அவர்கள் இது, அது என்பார்கள். சம்பந்தியம்மா சொன்ன பதில் இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லாதது. "முன்னதுல எல்லாம் சரியா இருக்கிற மாதிரி இருந்துச்சு. இதுல ஒற்று விட்டுப்போனது தெரியுது. இதையே போடுங்க."

நானே தேய்த்தேன். குழாயில் இடிக்காமல் இருக்க மெல்லிய சட்டமாகத் தேடி எடுத்துப் பொருத்தினேன். மறுநாள் போட்டுக்கொண்டார். துண்டுப் பிரசுரத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் படித்தார். அச்சகத்தின் பெயரைக்கூட விடவில்லை. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "பவர் சரியா இருக்கு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தப்பா இருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றார். சம்பந்தி, எங்கள் சண்டை அந்த இடத்தில் முடிந்தது. சமாதானம் என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்குத்தான் அந்த உத்தரவும் வந்தது. தாங்கள் கப்பலில் இருக்கும்போதெல்லாம் தொலைபேசியில் தங்களிடம் பேசுவது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "பால்காரன் என்ன சொன்னான், மாடி வீட்டுக்காரி எதுக்குக் கோவிச்சுக்கிட்டா, எல்லாம் சொல்லுவேன். அவரும் எண்ணெய்க் கையைத் துடைச்சுக்கிட்டு, ம், ம்னு கேட்டுக்கிட்டே இருப்பார். இப்ப சொல்ல மூச்சு பத்தலை. நீங்க எழுதிடுங்க."

"நீங்களே பேசுவீங்க சம்பந்தியம்மா. குணமாகிடும்."

"அது இருக்கட்டும். எழுதினா தேவையில்லாததையும் எழுதுங்க. தேவையானதை எல்லாரும் சொல்லிடுவாங்க. தேவையில்லாததைத்தான் அவர் கேட்பார்."

ஆகவேதான் ஈரக் கையை வேட்டியில் துடைத்ததையெல்லாம் தங்களுக்கு எழுதுகிறேன்.

பேத்தி பிறந்த செய்தி எனக்கு மருந்து வாங்கும் வரிசையில் வந்தது. மாப்பிள்ளைக்குத் தொலைபேசியில் பேச வரவில்லை, பின்னால் ஒரு சின்னக் குரல் கத்துவது மட்டும் கேட்டது. பிறகு மகள் பேசினாள். "அப்பா, அத்தை எப்படி இருக்காங்க?" நன்றாக இருக்கிறார், என்னோடு சண்டை போடுகிறார் என்றேன். அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. நான் வரிசையை விட்டு வெளியே வந்து, மறுபடியும் கடைசியில் போய் நின்றேன்.

மறுநாள் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு, அம்மாவை ஜன்னல் பக்கம் திருப்புங்கள் மாமா, எதிர்க் கட்டடத்து ஜன்னலுக்குக் குழந்தையைக் கொண்டுவருகிறேன் என்றார். நர்ஸும் நானும் கட்டிலைத் திருப்பினோம். குழாய் எட்டவில்லை, இன்னொரு குழாய் தேடி எடுத்துவந்து மாட்டினாள். சம்பந்தியம்மா தலையை வாரிவிடச் சொன்னார். பேத்தி முன்னால் எப்படியோ வந்து நிற்பதா என்று நினைத்திருப்பார். காய்கறிக்கார அம்மாள் தன் சீப்பை நர்ஸிடம் கொடுத்தார், நர்ஸ் அது விதிக்கு விரோதம் என்று சொல்லிவிட்டு விரலாலேயே கோதிவிட்டாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஜன்னலில் வந்து நின்று, வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மூக்கு அவர் மூக்கு" என்றார். "அப்படியே அவரை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

எங்கள் வீட்டுப் பங்கும் ஏதாவது இருக்க வேண்டுமே என்று நான், "காது எங்க பக்கத்துக் காது" என்றேன்.

"காது துணிக்குள்ள இருக்கு சம்பந்தி. கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லாதீங்க."

பேத்தியைத் தெளிவாக, கண்ணாரப் பார்த்தார் என்பதைத் தங்களுக்கு உறுதியாகத் தெரிவிக்கிறேன். மாப்பிள்ளைக்குக் கை வலித்து உள்ளே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் டாக்டரம்மா, இப்படியே இருந்தால் குழாயை எடுத்துவிடலாம் என்றார். நான் வீட்டுக்கு வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்று என் மனைவியிடம் அதைச் சொன்னேன். அவள் உள்ளிருந்தபடியே அழுதாள்.

அதன் பிறகு ஒரு காலையில் நான் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். மூக்குக் குழாயை எடுத்துவிட்டு முகத்தையே மூடுகிற ஒன்றை வைத்திருந்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். தம்பி என்றேன். அட்டையைப் பார்க்காமலே சொன்னேன். "ரெண்டு நுரையீரலும் கைவிட்டுடுச்சுங்க. பிள்ளைக்குச் சொல்லிடுங்க. இங்க வந்தா திரும்பி மகப்பேறு பிரிவுக்குப் போக முடியாது, அதையும் சொல்லுங்க." சொன்னேன். மாப்பிள்ளை உடனே, "வரேன் மாமா" என்றார்.

அவர் அங்கி மாட்டிக் கைகழுவி வருகிற வரையில் நான் வழக்கம்போலப் பத்திரிகை படித்தேன். தினமும் படிப்பேன், ஒவ்வொரு வரிக்கும் ஒரு திருத்தம் சொல்வார். அன்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வேண்டுமென்றே தப்பாகப் படித்தேன். 'நேற்று மழை பெய்யும் என்று எதிர்பார்க்கப்படுகிறது' என்றேன். கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை, நேற்று மழை பெய்யும் என்றேன். கண்ணைத் திறந்துதான் இருந்தார். ஆனால் நேற்று மழை பெய்யட்டும் என்று விட்டுவிட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது சம்பந்தி. பத்திரிகையை மடித்து வைத்தேன்.

மாப்பிள்ளை வந்தார். ஓடிவந்ததில் அங்கி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது, முகக்கவசம் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. அம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் திருத்தம் சொல்லாதவர் மகனுக்குச் சொன்னார். ஒரு விரலை மெல்லத் தூக்கி அவர் மூக்கைக் காட்டினார். மாப்பிள்ளைக்குப் புரியவில்லை, இன்னும் கிட்டே குனிந்தார். நான்தான், "மூக்கை மூடச் சொல்றாங்க" என்றேன். முகக்கவசத்தை ஏற்றிவிட்டதும் விரலை இறக்கிக்கொண்டார். அன்று மதியம் போய்விட்டார். வலி இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. ஆஸ்பத்திரி ஆட்களே எல்லாம் செய்தார்கள். நாங்கள் கிட்டப் போகக் கூடாதென்று தரையில் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்தில் மாப்பிள்ளை நின்றார், ஒரு வட்டத்தில் நான் நின்றேன். பெற்றவளை இழந்த பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொள்ள ஆள் பக்கத்தில் இருந்தும், நடுவில் அந்தக் கோடு இருந்தது. நான் கோட்டைத் தாண்டவில்லை. தாண்டியிருக்க வேண்டுமோ என்று இன்னும் தோன்றிக்கொண்டே இருக்கிறது. காய்கறிக்கார அம்மாள் குணமாகி வீட்டுக்குப் போகும்போது, "அக்காவை நல்லாப் பார்த்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகளையும் குழந்தையையும் என் மனைவி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். இழுப்புக்காரியை யார் சொல்லியும் நிறுத்த முடியவில்லை, மூக்கையும் வாயையும் இரண்டு துணியால் கட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை அவர் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறார். நான் வீட்டை ஒட்டிய கடையின் பின்னால் கண்ணாடி தேய்க்கிற அறையில் தனியாக இருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் காய்ச்சல் இல்லை, இருந்தாலும் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு என் மனைவி உள்ளே இருப்பவனைத் திட்டிவிட்டுப் போகிறாள், அதிலிருந்து எனக்கு ஒன்றுமில்லை என்று அவள் நம்புவது தெரிகிறது. குழந்தை அழுவது சுவர் வழியாகக் கேட்கிறது. சம்பந்தியம்மாவின் துணிமணி எதையும் திருப்பித் தரவில்லை. கண்ணாடியை மட்டும் துடைத்துக் கொடுத்தார்கள். தங்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டது. பேத்தியைப் பார்த்த நிறைவோடுதான் அவர் போனார். ஆகவே தாங்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, வேலையைப் பார்த்துக்கொண்டு, சூழ்நிலை சரியானதும் நிதானமாக வந்தால் போதும். இங்கே கவனிக்க நாங்கள் இருக்கிறோம், அவசரப்பட வேண்டாம். என் மனைவியின் வணக்கங்கள். மகளின் கண்ணீரும் வணக்கமும். பெயர் வைக்காத பேத்தியின் சார்பில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை, இப்போதுதான் அழுகையை நிறுத்தியிருக்கிறாள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கடல் அமைதியாக இருக்கட்டும். தங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி, சில நாள் மைத்துனனாகவும் இருந்தவன்.

பி.கு. உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். சம்பந்தியம்மா பேத்தியைத் தெளிவாகப் பார்த்தார் என்று மேலே எழுதியது உண்மையில்லை. நான் தேய்த்துக் கொடுத்தது படிக்கிற கண்ணாடி. தூரப் பார்வைக்கும் அவருக்குக் குறை உண்டு, ஆனால் படிக்கத்தான் வேண்டும் என்று கேட்டார், அதைத்தான் போட்டேன். அந்தக் கண்ணாடியில் கைக்கெட்டுகிற தூரத்துக்கு அப்பால் எல்லாம் வெறும் மூட்டம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டுக்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இது எனக்கு அங்கே நிற்கும்போதே தெரியும்.

இதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பேன். ஆனால் நேற்று மாப்பிள்ளை தொலைபேசியில் அழுதார். பிறந்த குழந்தையை ஜன்னல் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். "அம்மா காத்துக்கிட்டு இருந்தாங்க மாமா, என்ன பண்றதுன்னு தெரியலை. தலையணையைத் துணியில சுத்தித் தூக்கிக் காட்டினேன். அம்மா நம்பினாங்களா?" என்று கேட்டார். நம்பினார், உங்கள் அப்பா மூக்கு என்று சொன்னார் என்றேன். அவருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. கண்ணாடி விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை, தாங்களும் சொல்ல வேண்டாம். ஆக, பிள்ளை காட்டியது தலையணை, தாய் பார்த்தது வெறும் வெள்ளை, நான் அதற்குக் காது வைத்தேன். அவர் எங்களைத்தான் சமாதானப்படுத்தினாரா, இல்லை, அந்த வெள்ளையில் நிஜமாகவே தங்கள் முகம் தெரிந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குழந்தைக்கு மூக்கு எப்படி என்று என் மனைவியைக் கேட்டேன். மூக்கு இன்னும் மூக்காகவே ஆகவில்லை, யாருடையது என்று இப்போது எப்படிச் சொல்வது என்கிறாள். நிதானமாக வந்தால் போதும் என்று மேலே எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். இறங்க விட்ட நிமிஷமே கிளம்பி வாருங்கள், சம்பந்தி.